மின்சார ரயிலில் தனியாகப் போன என் பை

போன வருஷம் சென்னையில் நடந்தது இது. பெரியப்பா மகள் வீட்டுக்கு ஒரு வாரம் போயிருந்தேன். பெரியப்பா சின்ன வயதிலேயே கப்பலேறி இந்தியா போனவர், அப்பா இங்கே சிலோனிலேயே தங்கிவிட்டார். அதனால் அக்கா சென்னையில் பிறந்தாள், நான் அப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டில் பிறந்தேன்.

எனக்குப் பண்டாரவளையில் ஒரு துணிக்கடையில் வேலை. தினமும் பதுளைக் கோச்சியில்தான் போவேன். ரயிலுக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். மூச்சு வாங்கிக்கொண்டு மலையேறி வரும். வந்தால் வந்தது, இல்லாவிட்டால் பனியில் நின்று நடுங்க வேண்டியதுதான். அக்கா வேலைக்குப் போவதோ புத்தம்புது ஏ.சி. மின்சார ரயிலில். கதவு தானாகத் திறக்கிறது, தானாக மூடுகிறது. அடுத்த ஸ்டேஷன் எதுவென்று பலகையில் எழுத்து ஓடுகிறது, ஒரு பெண் குரலும் சொல்கிறது. மேலே கேமரா. கதவோரம் ஒரு பொத்தான், அவசரம் என்றால் அதை அழுத்தி கார்டிடமே பேசலாமாம்.

"வேர்வைன்ற பேச்சே இல்லடி. இறங்கறப்பகூட சேலை மடிப்பு கலையாது" என்று அவள் சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரிந்தது. ஒளிப்பானேன், பொறாமைதான். ஒரே தாத்தாவின் பேத்திகள், அவளுக்கு மட்டும் இதெல்லாமா? "எங்க கோச்சியில ஜன்னலத் தொறந்தா குளிரு சும்மாவே வரும், ஏ.சி. எதுக்கு?" என்று ஒரு நாள் வெடுக்கென்று சொல்லியும் பார்த்தேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை. யாராவது எந்த ஊர் என்று கேட்டால் "சிலோன்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். தோட்டம், லயம் என்று வாயே திறக்கவில்லை.

ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் காலை, குரோம்பேட்டையில் அந்த ரயிலுக்காக நின்றோம். நல்ல கூட்டம். எங்கள் கோச்சியில் ஏறும்போது வாசலில் யார் நின்றாலும் பையை அவர் கையில் கொடுத்துவிடுவோம். கேட்கவே வேண்டாம், கை தானாக நீளும். வண்டி நகர்ந்தாலும் கூடவே நடந்து தொற்றிக்கொள்ளலாம். அந்தப் பழக்கத்தில், வாசலில் நின்ற ஒரு பெண்ணின் கையில் பையைத் திணித்துவிட்டு, பின்னால் வந்த அக்காவைத் தேடித் திரும்பினேன். பீப் பீப் என்று சத்தம். கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் என் பையோடு திருதிருவென்று விழித்துக்கொண்டே போனாள்.

பைக்குள்தான் பாஸ்போர்ட். மறுநாள் விமானம். அக்கா ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஓடினாள். அதற்குள் அந்தப் பெண் பயந்துபோய்ப் பொத்தானை அழுத்தி, யாரோ பையைக் கொடுத்துவிட்டு ஓடிவிட்டார்கள் என்று கார்டிடம் சொல்லியிருக்கிறாள். பையை அடுத்த ஸ்டேஷனான பல்லாவரத்தில் இறக்கிவிட்டார்களாம், ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னார். அடுத்த வண்டியில் போய் இறங்கினால், பையைச் சுற்றி போலீஸ், தள்ளி நின்று வேடிக்கை பார்க்கும் ஜனம்.

"முன்னபின்ன தெரியாதவங்க கையில பையைக் குடுத்துட்டு நீ ஏறலைன்னா, நாங்க என்னம்மா நினைக்கிறது?" என்றார் பெண் போலீஸ் ஒருவர். பைக்குள் இருப்பது வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வேறு. எங்கள் பழக்கத்தைச் சொன்னால் பட்டிக்காடு என்று சிரிப்பார்களே என்று நான் அக்காவின் பின்னால் ஒதுங்கினேன்.

அக்காதான் முன்னால் வந்தாள். "மேடம், எங்க ஊர்ல அப்படித்தான். அப்புத்தளைன்னு மலை மேல இருக்கு. உள்ள நிக்கிறவங்க கையில பையைக் குடுத்துட்டுத்தான் ஏறுவோம். யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க."

"நீங்க எப்பம்மா அங்கேருந்து வந்தீங்க?"

"நான் போனதே இல்ல மேடம். எங்கப்பா சொல்வாரு."

அந்த அம்மா பையைத் திறந்து பாஸ்போர்ட்டில் இருந்த முகத்தையும் என் முகத்தையும் ஒத்துப் பார்த்து, நாலு திட்டும் திட்டி, பையைக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் விமானம் ஏறினேன். ரயிலைப் பார்த்து வந்த பொறாமை, அப்புத்தளைக் குளிர் முகத்தில் பட்ட கொஞ்ச நாளில் ஆறிப்போனது. ஆனால் பிறந்து வளர்ந்த நான் சொல்லக் கூசிய ஊரை, கண்ணால்கூடக் காணாத அவள் அத்தனை பேர் முன்னால் 'எங்க ஊர்' என்று சொன்னாளே, அந்தப் பொறாமை மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை.