துண்டு போட்ட இடம்

தொண்ணூறுகளின் நடுவில் நான் பாளையங்கோட்டையில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். ஃப்ளூ வைரஸ் நுரையீரல் செல்லுக்குள் தன்னிஷ்டத்துக்கு நுழைந்துவிட முடியாது. செல்லின் மேல் ஏற்பி என்று ஒன்று இருக்கிறது. அதில் ஒட்டினால்தான் உள்ளே போகலாம். வைரஸ் வருமுன் ஒரு மருந்து அந்த ஏற்பியில் போய் உட்கார்ந்துகொண்டால் நுரையீரல் தப்பிக்கும். அந்த மருந்தைத் தேடுவதுதான் என் வேலை. அம்பாசமுத்திரத்தில் அப்பா இதை, மகள் சளிக்கு மருந்து கண்டுபிடிக்கிறாள் என்று சொல்லிவைத்திருந்தார். கடைத்தெருவில் என்னைப் பார்த்ததும் பெரிய மனிதர்கள் நின்று இருமிக் காட்டுவார்கள்.

வள்ளியூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களும் இருமினார்கள். மாப்பிள்ளை பேங்க் ஆபீசர். அவருக்கும் சேர்த்து அவருடைய அம்மாவே பேசினார். மருந்து சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று விசாரித்தார். மருந்து இன்னும் வரவில்லை, கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லில் வைரஸைத் தடுக்கிறது, இனி எலிக்குக் கொடுத்துப் பார்க்கவேண்டும் என்றேன். அந்த அம்மா என் அம்மாவைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் அதோடு வாயை மூடியிருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கமில்லை.

"பஸ்ஸுல ஜன்னல் வழியா துண்டு போட்டு இடம் பிடிக்கோம்லா அத்தை, அதே மாதிரிதான். மருந்துதான் துண்டு. வைரசுக்கு உக்கார இடமிருக்காது."

"துண்டைத் தூக்கிப் போட்டுட்டு உக்காந்துட்டா?"

அதைத்தான் ஆராய்ச்சி செய்கிறோம் என்றேன்.

பிறகு நிபந்தனை வந்தது. கல்யாணம் ஆனதும் எலியும் கிருமியும் கூடாது; ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு பி.எட். படித்தால் வள்ளியூரிலேயே டீச்சர் வேலைக்குச் சொல்லிவைக்கலாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவைப் பார்த்தேன். ஊரெல்லாம் என் பெருமையை அளந்தவர், யோசித்துத் தாக்கல் சொல்வதாகச் சொல்லிவிட்டு வாழைப்பழத்தை உரித்தார். எங்கள் பக்கத்தில் யாரும் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்வதில்லை. பிறகு ஆள் மூலம் தகவல் போகும். ஆனாலும் அவர் உரித்த விதம் சம்மதம் சொல்வதுபோலவே எனக்குப் பட்டது. அவரோடு பேசுவதை நிறுத்தினேன்.

திங்கட்கிழமை காலை நான் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பியபோது அப்பா பின்னாலேயே வந்தார். ஒருநாளும் வழியனுப்ப வந்தவரில்லை. மூக்குக்கண்ணாடி துடைக்கக்கூட நிதானம் பார்க்கிற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திருநெல்வேலி பஸ் உள்ளே திரும்பும்போதே கூட்டத்தோடு கூட்டமாக ஓடி, தோளில் கிடந்த துண்டை ஜன்னல் வழியாக ஒரு சீட்டில் எறிந்தார்.

"ஏளா, போயி உக்காரு. வள்ளியூருக்கு வேண்டாம்னு தாக்கல் சொல்லியாச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சேரன்மகாதேவி வரை அந்தத் துண்டில்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனேன்.

அந்த வாரமே எலிகளுக்கு மருந்தும் பின்னாலேயே வைரஸும் கொடுத்தோம். வைரஸ் சாவகாசமாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. எலிகளுக்கு மூச்சு வாங்கியது. என் பேராசிரியர் டீ குடிக்கப் போய்விட்டார். வீட்டுக்கு வந்து, துண்டு நிற்கவில்லை என்று அப்பாவிடம் சொன்னேன். எனக்காக ஒரு சம்பந்தத்தையே வேண்டாமென்றவர் முகத்தில் எப்படி விழிப்பதென்று தெரியவில்லை.

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அதுக்கென்னளா? நாளைக்கு வேற துண்டு போடு."