பத்தாவது நிமிடத்தில் இடைவேளை

படத்தின் நாயகன் பத்தாவது நிமிடத்தில் செத்துப்போவார் என்று எனக்குத் தெரியவந்தபோது, வாசலில் அவருடைய கட்அவுட்டுக்கு முன்னால் ஓடு உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

சின்னமனூர்ப் பக்கம் எங்களுக்கு ஒரு சினிமா தியேட்டர். பாதி என்னுடையது, மறுபாதி என் மச்சானுடையது, அதாவது என் மனைவியின் அண்ணன். அந்தக் கட்டடம் கல்யாண மண்டபமாகப் பிறந்திருக்க வேண்டியது, ஏதோ கிரகக் கோளாறில் தியேட்டராகிவிட்டது என்பது அவருடைய நம்பிக்கை. திரை இருக்கும் இடத்தில் மணவறை, ஆபரேட்டர் ரூமில் பெண் அலங்காரம், பைக் ஸ்டாண்டில் பந்தி என்று மனசுக்குள் பலமுறை கல்யாணம் நடத்தி முடித்துவிட்டார். போன வருஷம் ஒரு பெரிய நடிகரின் ரசிகர்கள் சந்தோஷம் தாங்காமல் முன்வரிசை சீட்டுகளைக் கிழித்தார்கள். அன்றைக்கே மச்சான் வீட்டுக்கு வந்து, என் மனைவியைச் சாட்சிக்கு உட்கார வைத்துக்கொண்டு சொன்னார்:

“இன்னொரு தடவ ஒத்தச் சீட்டு கிழிஞ்சாலும் அன்னைக்கே பூட்டு. மறுநாளு மண்டப வேலை. சரியா மாப்ள?”

சரி என்றேன். சாட்சி அவர் தங்கச்சி. வேறு என்ன சொல்ல முடியும்?

இந்த நிலைமையில்தான் அந்தச் சண்டைப் படத்தின் இரண்டாம் பாகம் வந்தது. எங்கோ தூரதேசத்துப் படம், தமிழில் பேசவைத்து வந்தது. முதல் பாகத்தில் ஒரு படகுக்காரர், படகு தள்ளும் மூங்கிலை வைத்துக்கொண்டே ஊர்க் கொடுமைக்காரர்களை எல்லாம் ஆற்றில் தள்ளுவார். மதுரையில்கூட ஓடாத அந்தப் படம் எங்களிடம் ஓடு ஓடென்று ஓடியது. அதற்குக் காரணம் ஒரே ஒருவர். எங்கள் பகுதி லைன்மேன். பகலில் மின்கம்பம் ஏறுவார், சாயங்காலம் பள்ளி மைதானத்தில் கராத்தே சொல்லிக்கொடுப்பார். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். அந்தப் படகுக்காரரைப் போலவே முடி வளர்த்து, மேலே ஹெல்மெட் போட முடியாமல் கரண்ட் ஆபீசில் மெமோ வாங்கியவர். குச்சனூர், ராயப்பன்பட்டி என்று சுற்றுப்பட்டி ஊர்களிலிருந்தெல்லாம் அவரிடம் பிள்ளைகள் வருவார்கள்.

மற்ற நடிகர்களின் ரசிகர்கள் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுவார்கள். மாஸ்டர் ஆட்கள் பாலை வீணாக்குவதில்லை. வெள்ளை உடுப்பில் வரிசையாக நின்று, சாமி கும்பிடுவதுபோலக் குனிந்து வணங்கி, அடுக்கிவைத்த சீமை ஓட்டை ஒரே குத்தில் உடைப்பார்கள். முதல் பாகத்திலேயே தொடங்கிய வழக்கம். தேங்காய் உடைக்கிற மாதிரி, ஆனால் யாரும் பொறுக்க வரமாட்டார்கள்.

முதல் காட்சி டிக்கெட் மொத்தத்தையும் மாஸ்டரே வாங்கிக்கொண்டார். காலையில் படத்தைத் திறக்கிற டிஜிட்டல் சாவி வந்ததும், சவுண்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆபரேட்டர் படத்தை ஓடவிட்டான். காலி ஹாலில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். படகுக்காரர் வந்தார். முடி நரைத்திருந்தது. கரையில் மீன் விற்கும் ஒரு பெண், பதினேழு வயசு இருக்கும், அவரிடம் கம்பு சுற்றக் கற்றுக்கொண்டிருந்தாள். ஆகா, நல்லா இருக்கே என்று காலை நீட்டினேன். முதுகில் கத்தி இறங்கியது. படகுக்காரர் விழுந்தார். கண் மூடினார். அந்தப் பெண் கம்பை எடுத்தாள்.

மேலே பார்த்து, “தம்பி, இது கனவா வருமோ?” என்று கேட்டேன். ஆபரேட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு, கடைசிவரைக்கும் அந்தப் பெண்தான் சண்டை போடுகிறாள், அவர் இரண்டு தடவை புகைக்குள் வந்து புத்தி சொல்லிவிட்டுப் போகிறார் என்றான்.

வெளியே ஒரு ஓடு உடைந்தது. எனக்குள்ளும் ஏதோ உடைந்தது.

விநியோகஸ்தருக்குப் போன் போட்டேன். அவர் ரொம்ப நிதானமாக, இந்தப் பாகத்தில் புதுக் கதாநாயகிதான் எல்லாம், போஸ்டரிலேயே முன்னால் அவள்தானே நிற்கிறாள் என்றார். நின்றாள்தான். அவளைக் கட்அவுட்டிலிருந்து எடுக்கச் சொன்னவன் நான். படகுக்காரரின் கம்பை மறைக்கிறாள் என்று காரணமும் சொல்லியிருந்தேன்.

பயம் வந்தால் சிலருக்குக் கோபம் வரும், சிலருக்கு அழுகை வரும். எனக்கு மரியாதை வரும். டிக்கெட் கவுண்டருக்குள் படுத்திருந்த பூனையிடம், “கொஞ்சம் தள்ளி உக்காருங்க” என்று சொன்னதைக் கேண்டீன் அக்கா இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் பூனைதான் எனக்கு ஆறுதலாகத் தெரிந்தது. மற்ற எல்லோருக்கும் ஓடு உடைக்கத் தெரியும். வெறுங்கையால் ஓட்டை உடைக்கிறவனுக்கு ரெக்சின் சீட்டு எம்மாத்திரம்? சனீஸ்வரனை நினைத்துக்கொண்டேன். அவர் பக்கத்து ஊர்தான், குச்சனூர். அவசரத்துக்கு வந்துபோக வசதியான தூரம்.

யோசித்தேன். படகுக்காரர் சாகிற நேரத்தில் மெயினை இறக்கி, கரண்ட் போய்விட்டது என்று சொல்லலாம். ஜெனரேட்டரும் மக்கர் என்று சொல்லலாம். எந்த ஊர் தியேட்டர்க்காரனுக்கும் இது கைவந்த பொய். ஆனால் உள்ளே உட்காரப் போகிறவர் லைன்மேன். எந்த ஃபீடர் லைனில் எப்போது கரண்ட் போகும் என்று அவருக்குப் போன் வந்த பிறகுதான் கரண்டுக்கே தெரியும்.

அப்போதுதான் என் மூளையில் அந்த வெளிச்சம் விழுந்தது. நம்மூர்ப் படத்தில் இடைவேளை எங்கே என்று படத்திலேயே போட்டு வரும். தூரதேசத்துப் படத்தில் இடைவேளை கிடையாது. நாமே பார்த்து ஒரு இடத்தில் நிறுத்தி லைட்டைப் போட வேண்டியதுதான். அப்படியென்றால் அவர் செத்த அந்த நிமிடமே நிறுத்திவிட்டால் என்ன? ஆத்திரத்தில் எழுந்திருக்கிற மனுசன் முன்னால் வெளிச்சம், திறந்த கதவு, சூடான சமோசா. கோபம் வெளியே போய்விடும். வாயில் சமோசா இருக்கும்போது யாரும் சீட்டைக் கிழிப்பதில்லை.

ஆபரேட்டரிடம் சொன்னேன். “பத்து நிமிசத்துல இடைவேளையா?” என்று கேட்டான்.

“நான் சொல்றதைச் செய்ங்க” என்றேன். அவனுக்கு என் மகன் வயசு.

காட்சி ஆரம்பித்தது. படகுக்காரர் முகம் தெரிந்ததும் ஹால் அதிர்ந்தது. நரைத்த முடிக்கும் ஒரு கைதட்டு. நான் கதவோரம் நின்று, ஒவ்வொரு சீட்டையும் கடைசியாகப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். கத்தி இறங்கியது. அவர் கண்ணை மூடினார். அந்தப் பெண் கம்பை எடுத்து நிமிர்ந்தாள். சட்டென்று படம் நின்று, லைட் எரிந்து, திரையில் ‘இடைவேளை’ என்று வந்தது.

 பெரியவர்கள் எல்லாம் ஒன்றாக எழுந்து வெளியே வந்தார்கள். என் திட்டம் பலித்துவிட்டது என்று நான் நினைத்தது, கேண்டீனில் சமோசா இன்னும் உருளைக்கிழங்காகவே இருக்கிறது என்று தெரியும்வரைக்கும்தான். வழக்கமாகப் படம் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துத்தான் இடைவேளை. அக்கா நிதானமாகத் தோல் உரித்துக்கொண்டிருந்தது.

வெறுங்கையோடு நின்ற கூட்டம் யோசிக்க ஆரம்பித்தது. யோசித்து அவர்கள் கண்டுபிடித்ததுதான் என்னை நிலைகுலைய வைத்தது. நாயகன் இடைவேளைக்கு முன்னால் சாகவே மாட்டான், அப்படியானால் இது படத்தின் கடைசிப் பகுதி, தியேட்டர்க்காரன் பின்பாதியை முதலில் ஓட்டிவிட்டான். முன்னொரு காலத்தில் ரீல் பெட்டி மாறி எங்கள் தியேட்டரில் அப்படி ஒரு படம் ஓடியதுண்டு. கல்யாணம் ஆன பிறகு காதலித்த படம் அது. அதை ஊர் இன்னும் மறக்கவில்லை.

“முதப் பாதிய எங்க வச்சிருக்கீக?” என்று ஒருவர். “எங்க மாஸ்டர ஏமாத்தப் பாக்குறீகளா?” என்று இன்னொருவர். இது ரீல் இல்லை, சர்வர் என்று நான் விளக்க, சர்வரைக் கூப்பிடு என்றார் மூன்றாமவர். யாரோ ஒருவர் உள்ளே திரும்பி, சீட்டைப் பேர்த்தால்தான் வழிக்கு வருவான் என்று பொதுவாகச் சொன்னார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாஸ்டர் வந்தார். கறுப்பு பெல்ட். கண் சிவந்திருந்தது. என்னைச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போய், மெதுவான குரலில் கேட்டார்:

“அண்ணே, நெசத்தச் சொல்லுங்க. செத்துட்டாகளா, இல்லையா?”

என்னிடம் நாலைந்து பொய் தயாராக இருந்தது. எழுந்து வருவார், அது அவர் தம்பி, கனவு, இப்படி. ஆனால் சொந்தக்காரர் ஒருவரை ஆஸ்பத்திரிக்குள் விட்டுவிட்டு வராந்தாவில் நிற்கிற முகம் அது. அந்த முகத்திடம் சொல்லுகிற பொய்க்குப் பயிற்சி வேண்டும்.

“செத்துட்டாக மாஸ்டர்” என்றேன். “இனி வர மாட்டாக. புகையில ரெண்டு தடவ வருவாக, அவ்வளவுதேன்.”

மாஸ்டர் சுவரில் கையை ஊன்றினார்.  பிறகு பின்னாலிருந்து ஒருவர், “அப்பப் படம் எதுக்கு?” என்று கத்தினார். அவ்வளவுதான். எல்லோரும் ஹாலுக்குள் திரும்பினார்கள். நான் பின்னாலேயே ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று தெரியாது. கிழிக்கிறவர்களிடம் பார்த்துக் கிழிங்க என்று சொல்லியிருப்பேன்.

உள்ளே அவர்களால் எதையும் கிழிக்க முடியவில்லை. அவர்கள் எழுந்துபோன சீட்டுகளுக்கு நடுநடுவே எல்லாம் ஆள் இருந்தது. பெண் பிள்ளைகள் ஒருவர்கூட இடைவேளைக்கு எழுந்துவரவில்லை. நான் அதுவரை கவனிக்கவே இல்லை, மாஸ்டரிடம் படிப்பவர்களில் பாதிக்கு மேல் அவர்கள்தான். வெள்ளை உடுப்பும் ரெட்டைச் சடையுமாக வரிசை வரிசையாக உட்கார்ந்து, ‘இடைவேளை’ என்ற எழுத்தையே முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

“எந்திரிங்க எல்லாரும், வீட்டுக்குப் போகலாம்” என்றார் மாஸ்டர்.

யாரும் அசையவில்லை. ராயப்பன்பட்டியிலிருந்து வரும் பிளஸ் டூ படிக்கிற ஒரு பிள்ளை மட்டும் எழுந்து, முறைப்படி குனிந்து வணங்கிவிட்டுச் சொன்னது:

“மாஸ்டர், அவுக செத்துட்டாக. எங்களுக்கும் கஷ்டமாத்தேன் இருக்கு. ஆனா அந்தப் பிள்ள கம்ப எடுத்துருச்சே. அது என்ன செஞ்சுச்சுன்னு பாக்காம எப்படிப் போறது?”

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டது.  மாஸ்டர் தானும் ஓரத்துச் சீட்டில் உட்கார்ந்து, மேலே ஆபரேட்டர் ரூமைப் பார்த்துக் கையை அசைத்தார். ஓட்டு என்று அர்த்தம். கிழிக்க வந்தவர்களும் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார்கள்.

அந்தப் பெண் பிய்த்து எடுத்துவிட்டாள். படகிலும் கரையிலும் மீன் கூடைக்கு நடுவிலும் சண்டை. அவள் ஒவ்வொரு அடி வாங்கும்போதும் பிள்ளைகள் “எந்திரி ஆத்தா, எந்திரி” என்று திரையைப் பார்த்துச் சொன்னார்கள். கடைசியில் மாஸ்டரும் சொன்னார்.

ஆனால் மாஸ்டருக்குத் துக்கம் தீரவில்லை. படம் முடிந்ததும் நேராக ஃபிளெக்ஸ் கடைக்குப் போயிருக்கிறார். எங்கள் பக்கத்தில் ஒரு உயிர் போனால் சாயங்காலத்துக்குள் ரோட்டோரம் ஃபிளெக்ஸ் நின்றாக வேண்டும். இருட்டுவதற்குள் தியேட்டர் வாசலில் பெரிதாக ஒன்று நின்றது. ‘கண்ணீர் அஞ்சலி’. படகுக்காரர் படம், இரண்டு பக்கமும் விளக்கு, கீழே மாஸ்டர் உட்பட எல்லோரும் பாஸ்போர்ட் சைஸில் சோகமாக. எடுக்கச் சொல்லலாம் என்று போனேன். ஓடு உடைத்த கைகள் கம்பு நட்டுக்கொண்டிருந்தன. “நல்லா ஆழமா நடுங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. குச்சனூர் சனீஸ்வரனைக் கும்பிடப் போகிற வண்டி எல்லாம் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். போகும்போது பார்த்தவர்கள் திரும்பும்போது இறங்கினார்கள். அந்த நடிகர் நிஜமாகவே காலமாகிவிட்டார், இது அவருடைய கடைசிப் படம் என்று மதியத்துக்குள் தேனிவரை பரவிவிட்டது. எள் தீபம் ஏற்றிய கையோடு குடும்பம் குடும்பமாக வந்து டிக்கெட் கேட்டார்கள். ஒரு அம்மா, எத்தனை பிள்ளைகள் அவருக்கு என்று விசாரித்தது. உண்மையில் அந்த மனுசன் எங்கோ தூரதேசத்தில் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே கவுண்டருக்குப் பின்னால் நான் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தபோது மச்சான் வந்து இறங்கினார். முதல் நாள் கலவரம் காதுக்கு எட்டி, பூட்டும் கையுமாக வந்திருந்தார்.

உள்ளே போய்ச் சீட்டு ஒவ்வொன்றையும் தடவிப் பார்க்க ஆசைப்பட்டார். முடியவில்லை. எல்லாவற்றிலும் ஆள். வெளியே வந்து ஃபிளெக்ஸ் முன்னால் நின்று செருப்பைக் கழற்றினார்.

“எப்பத் தவறுனாக?” என்று கேட்டார்.

“நேத்துக் காலையில” என்றேன். “முதல் ஷோவுல.”

அவர் அதைப் பற்றி மேற்கொண்டு கேட்கவில்லை. துக்க வீட்டில் நிறையக் கேட்கக் கூடாது. அடுத்த காட்சிக்கு நிற்கும் வரிசை ரோடுவரை நீண்டிருப்பதைப் பார்த்தார். பூட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

“கல்யாணத்துக்குன்னா பத்திரிக்க வச்சுக் கூப்பிடணும் மாப்ள” என்றார். “இது பரவால்ல. தானா வாராக.”