சிரட்டையில் அள்ளிய குடம்

"வகுக்கும் எண் சிறுத்துப் பூச்சியத்தை நெருங்க நெருங்க, விடை எல்லையில்லாமல் பெருகும்" என்று பேத்தி உரக்கப் படிக்கிறாள். நாலாம் வகுப்போடு நின்று, அருப்புக்கோட்டையில் சொந்தமாகத் தறிக்கூடம் போட்டவன் நான். எனக்கா இது தெரியாது?

நரிக்குடிக் கண்மாய் வறண்ட கோடையில், மணலில் தோண்டிய ஊற்றில் அம்மா தண்ணீர் அள்ளினாள். தேங்காய்ச் சிரட்டை மணலில் உரசும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சிரட்டைக்கு வரும் தண்ணீர் குறையக் குறைய, குடம் நிறைய அள்ளவேண்டிய தடவை ஏறிக்கொண்டே போனது. அரைக் குடத்தில் ஊற்று நின்றது.

வெறுங்குடத்தோடு பின்னால் நின்ற அத்தை கேலி பேசினாள்: "ஏ மதினி, இன்னும் எத்தன தடவ அள்ளுவீக?"

"ஆயுசுக்கும் அள்ளுனாலும் இனி நெறையாது. வாய் பேசாம கொடத்தக் கொண்டா" என்று அம்மா பாதியை அவளுக்குச் சாய்த்தாள்.

அன்றைக்கு இரண்டு வீட்டிலும் கஞ்சி கொதித்தது.