எங்கள் ஆங்கிலப் பெயரும் இல்லாத கப்டனும்

எங்கள் குடும்பப் பெயர் ஆங்கிலப் பெயர். இங்கிலாந்திலேயே அது அபூர்வம் என்பார்கள். அது எங்களுக்கு வந்த விதத்தில் வீரமும் இல்லை, காதலும் இல்லை. என் அப்பாவின் தந்தையான அப்பப்பா யாழ்ப்பாணத்து மிஷன் விடுதியில் படித்தபோது, ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்கும் சீமைக் கனவானின் பெயரையே அந்தப் பிள்ளைக்கு வைத்தார்கள். எங்கள் கனவான் தாராளமானவர். நான்கு பிள்ளைகளுக்குச் செலவு செய்தார். உறவே இல்லாத நான்கு குடும்பங்கள் ஒரே பெயரைச் சுமந்தன.

எண்பதுகளில் பாரிசுக்கு வந்து அகதி அட்டைக்கு விண்ணப்பித்தேன். கிடைக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்கள் ஆட்கள் கூடும் லா சப்பல் பகுதியின் தேநீர்க்கடையில் விண்ணப்பம் எழுதித் தரும் ஒருவர் என் கதையைக் கேட்டு முகம் சுளித்தார்.

"உது எடுபடாது, தம்பி. உம்மடை பூட்டன் இங்கிலீசுக் கப்பல் கப்டன் எண்டு போடுவம்."

"அண்ணை, என்ரை நிறத்தைப் பாருங்கோ."

"வெயில்லை கறுத்திட்டுது எண்டு சொல்லும்."

மறுத்துப் பேசக் கூச்சம். கப்டனோடு விசாரணைக்குப் போனேன்.

அதிகாரி அம்மா தாளைப் படித்துவிட்டு ஏதோ கேட்டார். புதுச்சேரிக்காரரான மொழிபெயர்ப்பாளர் என்னிடம் திரும்பினார். "உங்க பூட்டன் இங்கிலீஷ்காரர்னா, நீங்க ஏன் இங்கிலாந்துக்குப் போகலன்னு மதாம் கேக்குறாங்க. போன மாசம் இதே பேர்ல இன்னொருத்தர் வந்தாராம். அவரு பூட்டன் பாதிரியாராம். உங்க சொந்தமா?"

அந்தப் பாதிரியாரையும் படைத்தவர் யாரென்று எனக்கு உடனே புரிந்தது. கப்டன் பொய் என்று ஒப்புக்கொண்டு, கனவானையும் விடுதியையும் சொல்லிமுடித்தேன். அதற்கு அந்த அம்மா சொன்னதை மொழிபெயர்ப்பாளர் சிரிக்காமல் சொன்னார்: "தன் குடும்பத்தைப் பத்தி இவ்வளவு மட்டமா யாரும் பொய் சொல்லமாட்டாங்களாம்." அதன்பிறகுதான் ஊரில் எனக்கு நடந்ததைக் கேட்டு எழுதத் தொடங்கினார்.

சில மாதங்களில் அட்டை வந்தது.

"பாத்தீரே, கப்டன் காப்பாத்திப்போட்டான்!" என்றார் விண்ணப்பக்காரர், கடை முழுக்கக் கேட்கும்படி.

"ஓம் அண்ணை," என்றேன்.

அடுத்த கிழமை எங்கள் பெயர் கொண்ட மூன்றாவது குடும்பத்துப் பிள்ளை விண்ணப்பக்காரர் முன்னால் உட்கார்ந்திருந்தார். இந்த முறை பூட்டன் கோப்பித் தோட்டத் துரை. அந்தப் பிள்ளை வெளியே வரும்வரை காத்திருந்து தெருமூலைக்குக் கூட்டிப்போனேன்.

"உண்மையைச் சொல்லுங்கோ," என்றேன். "அது இன்னும் கேவலமாய் இருக்கு. நம்புவினம்."

நான் வலியப் போய் ஒருவருக்குச் சொன்ன புத்திமதி அது ஒன்றுதான்.