மேலும் கீழும் விழுந்த துளைகள்

"கை நடுங்குது. அவ்வளவுதான் விஷயம்" என்றார் ராய்ஸ் டாலிவர், இலக்குத் தாளை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபடி.

ஸ்டில்சன் கிரீக் துப்பாக்கிச் சங்கத்தின் அணித் தலைவர் அவர். தாள் நோரீன் ஹால்வர்சனுடையது. அவள் சுட்ட குண்டுகள் ஏணிப்படிகள்போல ஒன்றன் கீழ் ஒன்றாகத் துளைத்திருந்தன. மொண்டானா மாநிலப் போட்டிக்குப் போகும் நால்வர் அணியில் ஒரே பெண் அவள்தான். அந்த இடத்தைத் தன் மச்சான் லைலுக்குக் கொடுத்துவிட ராய்ஸ் காத்திருந்தார். அடுத்த சனிக்கிழமை இருவரும் சுட வேண்டும், அன்றே முடிவு.

"மலை வளைவுல பனி அள்ளுற லாரி ஓட்டுற கை இது. நடுங்கியிருந்தா எப்பவோ பள்ளத்துல கிடந்திருப்பேன்" என்றாள் நோரீன்.

"லாரி வேற, இது வேற தாயி. தோட்டாவுல மருந்து அடைக்கும்போது மனசு அடங்கி இருக்கணும். பொம்பளைங்களுக்கு மனசுல ஆயிரம் ஓடும். மருந்துக்கு அது தெரிஞ்சிரும்."

"டப்பாவுல வாங்குற வெடிமருந்துக்கு என் மனசு தெரியுமா? அப்ப உன் குரலைக் கேட்டதும் அது மூலையில போய் ஒளிஞ்சுக்குமே ராய்ஸ்!"

பக்கத்தில் நின்ற லைல் சிரித்துவிட்டான். ராய்ஸ் சிரிக்கவில்லை.

போன குளிர்காலத்தில் லைல் சுட்ட தாளிலும் இதே ஏணி விழுந்தது. அன்று யாரும் அவன் கையைப் பார்க்கவில்லை, மனசையும் விசாரிக்கவில்லை. மருந்துச் சரக்கு மட்டம் என்று சொல்லி முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். ஆணுக்கு இலக்குத் தவறினால் பொருளில் குற்றம், பெண்ணுக்குத் தவறினால் பிறப்பிலேயே குற்றம். சங்கத்தின் விதிகளில் இது எழுதப்படவில்லை. எழுதியிருந்தால் கிழித்தாவது போட்டிருக்கலாம்.

வீடு திரும்பும் வழியெல்லாம் நோரீன் யோசித்தாள். கை நடுங்கினால் துளைகள் நாலா பக்கமும் சிதறும். மேலும் கீழும் மட்டும் விழுந்தால், குண்டின் வேகம் மாறுகிறது என்று பொருள். வேகமாகப் போனது உயரே பட்டது, மெதுவாகப் போனது தாழ்ந்தது. அப்படியானால் தோட்டாவுக்குத் தோட்டா மருந்து கூடிக் குறைந்திருக்கிறது. அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. சுட்டுக் காலியான பித்தளைத் தோட்டாக் கூடுகளில் அவளே மருந்து நிரப்புகிறாள். ஒவ்வொன்றுக்கும் மின்தராசில் எடை போட்டு, கடைசியில் மருந்தை ஒவ்வொரு மணியாக விடுகிறவள் அவள்.

துணி துவைக்கும் அறையில்தான் அவளுடைய மேசை. தட்டையும் புனலையும் துணி உலர்த்தும்போது போடுகிற வாசனைத் தாளால் துடைத்தாள். துடைக்காவிட்டால் நிலைமின்சாரத்தால் மருந்து மணிகள் புனலில் ஒட்டிக்கொள்ளும். பித்தளை எடைக்கல்லைத் தராசில் வைத்தாள். எண் சரியாக நின்றது.

"தராசு சுத்தம்" என்றாள் வாசலில் நின்ற கணவன் கர்ட்டிடம்.

அந்த நேரம் பார்த்து நிலவறையில் ஹீட்டர் உறுமிக்கொண்டு கிளம்பியது. மேசைக்கு மேலிருந்த திறப்பு வழியாக வெப்பக்காற்று இறங்கியது. எடைக்கல் அசையவில்லை, ஆனால் எண் நகர்ந்தது. மேலே ஏறி, கீழே இறங்கி, மறுபடி ஏறியது.

"கராஜ் குளிருதுன்னு செப்டம்பர்ல மேசைய இங்க தூக்கிட்டு வந்தது யாரு?" என்றான் கர்ட்.

"நான்தான். நானேதான் முட்டாள்."

"ராய்ஸ் சொன்னது பாதி சரி. ஏதோ நடுங்குது. ஆனா அது உன் கை இல்ல."

அப்போதும் அவள் நம்பிவிடவில்லை. மீதமிருந்த தோட்டாக்களைப் பிரித்து, ஹீட்டரை அணைத்துவிட்டு, மருந்தைத் திரும்ப எடை போட்டாள். ஒன்றில் கூடுதல், அடுத்ததில் குறைவு. பிறகு குளிருக்குக் கோட்டு மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் புதிதாக அடைத்தாள். அவ்வப்போது எடைக்கல்லை வைத்துத் தராசைச் சோதித்தாள்.

"பொண்டாட்டி போட்டிக்குப் போறா, புருஷன் போர்வைக்குள்ள விறைச்சு சாகுறான்" என்று கூடத்திலிருந்து கர்ட்டின் குரல் வந்தது.

சனிக்கிழமை லைல் முதலில் சுட்டான். மோசமில்லை, ஆனால் ஏணி லேசாகத் தெரிந்தது. நோரீனின் துளைகள் கறுப்பு வட்டத்துக்குள் ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டு கிடந்தன.

ராய்ஸ் தாளை எடுத்துப் பார்த்தார். "பாத்தியா? மனசு அடங்கிருச்சு."

"மனசு கொதிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு. நான் அணைச்சது வீட்டு ஹீட்டரை."

ராய்ஸுக்குப் புரியவில்லை. தானும் வீட்டில் தோட்டாவுக்கு மருந்து அடைக்கிற லைலுக்குப் புரிந்தது. அவன் மெல்ல அருகில் வந்தான். "என் தராசும் ஹீட்டர் காத்து வர்ற இடத்துலதான் இருக்கு, நோரீன்."

அவள் சட்டைப் பையிலிருந்து எடைக்கல்லை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். "போய் வச்சுப் பாரு. ராய்ஸ், உன் மச்சான் மனசுல என்ன ஓடுதுன்னு நீயும் கொஞ்சம் விசாரி."

அணிப் பலகையில் அவள் பெயர் அழிபடவில்லை. ராய்ஸ் மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்காக நிற்க அவளுக்கு நேரமும் இல்லை. மலைப்பாதையில் பனி விழத் தொடங்கியிருந்தது. லாரியை எடுக்க வேண்டும்.