மூன்றாவது எண்

கண்ணாடிப் பட்டறையில் அவளுக்கு வைத்த பெயர் வாய்ப்பூட்டு. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோய், வெட்டிய கண்ணாடிகளுக்கு இடையில் காகிதம் வைத்து அடுக்கும் வேலைக்கு வந்தவள். அலுவலக அறையில் ஒருவர், கண்ணாடி வீணாகாமல் வெட்டுவதற்குக் கணினி நிரல் எழுதிக்கொண்டிருந்தார். அவள் காகிதக் கட்டு எடுக்கப் போகும்போதெல்லாம் அவருடைய திரையைப் பார்ப்பாள். பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். அவர் பாதியில் விட்டுப் போனதும் மீதியை எழுதி முடித்தது அவள்தான். அவர் எழுதியது ஹாஸ்கெல் என்ற கணினி மொழியில். அவளுக்கும் அந்த ஒரு மொழிதான் தெரியும்.

நான்கு வருடம் அந்த நிரல் அவள் பெயரைக் காப்பாற்றியது. புது இயந்திரம் வந்த அன்று காலையில் மானம் கப்பலேறியது.

வெட்டுச் சக்கரம் எங்கே போக வேண்டும் என்று பழைய இயந்திரத்துக்கு இரண்டு எண் சொன்னால் போதும். புதியதற்கு மூன்றாவதாக அழுத்தமும் சொல்ல வேண்டும். இயந்திரத்தை இயக்க அதோடு வரும் ஆயத்த நிரலான சி மொழி லைப்ரரி இந்த எண்களை ஒரே பொட்டலமாகக் கேட்கும். ஸ்ட்ரக்ட் என்பார்கள். அவள் மூன்றாவது எண்ணைச் சேர்த்து ஓட்டினாள். சக்கரம் மூலைக்கு ஓடி முட்டிக்கொண்டு நின்றது.

இயந்திரத்தை ஓட்டுபவள் அவளுடைய நாத்தனார். அவளிடம் மட்டும் பூட்டு கொஞ்சம் திறக்கும்.

“என்ன அண்ணி, என் மேல இருக்கிற கோபத்தை மெஷின்கிட்ட காட்டுறீங்களா?”

“உன் மேல கோபம்னா உங்கண்ணன்கிட்ட காட்டியிருப்பேன்.”

மேலாளர் சிரிக்கவில்லை. “சாயங்காலம் வரைக்கும் பாருங்கம்மா. முடியலைன்னா வெளியாளைக் கூப்பிட்டு எல்லாத்தையும் சி-லயே எழுதச் சொல்லிடறேன். இந்த ஹாஸ்கெல்லை மூட்டை கட்டிடலாம்.”

அதை மூட்டை கட்டினால் அவள் மறுபடி காகிதம் அடுக்கத்தான் போக வேண்டும்.

சக்கரத்தை நிறுத்திவிட்டு, தனக்கு வந்து சேர்ந்த எண்களை இயந்திரம் காட்டும் சின்னத் திரையை மட்டும் பார்த்தாள். பத்து, இருபது, மூன்று என்று அனுப்பினாள். திரையில் ஏதோ குப்பை. ஐம்பது, அறுபது, மூன்று என்று அனுப்பினாள். அதே குப்பை, ஒரு புள்ளி மாறவில்லை. அப்படியானால் அவள் கொடுப்பது தப்பாகப் போகவில்லை; போய்ச் சேரவே இல்லை.

ஹாஸ்கெல் கையேட்டை எடுத்து வரி வரியாகப் படித்தாள். ஹாஸ்கெல்லிலிருந்து சி-க்கு எதையெல்லாம் அனுப்பலாம் என்ற பட்டியலில் தனி எண் இருந்தது, நினைவக முகவரி இருந்தது. பொட்டலம் இல்லை. நான்கு வருடத்துக்கு முன் பொட்டலத்தைப் பிரித்து, இரண்டு தனி எண்களாக அனுப்பியவள் அவளேதான். இந்தக் கணினியில் இரண்டு எண் பொட்டலமும் இரண்டு உதிரி எண்களும் ஒரே இடத்தில் போய் இறங்கும். குருட்டு அதிர்ஷ்டம். மூன்று எண் பொட்டலம் வேறு இடத்தில் இறங்கும். லைப்ரரி அங்கே போய்த் தேடி, கிடந்த குப்பையை அள்ளியிருக்கிறது.

முகவரியை அனுப்பலாம் அல்லவா? லைப்ரரியோடு வந்த மாதிரியைப் பார்த்து, சி-யில் நான்கே வரி எழுதினாள். முகவரியை வாங்கு, அங்கே இருக்கும் பொட்டலத்தை எடு, அப்படியே லைப்ரரியின் கையில் கொடு. ஹாஸ்கெல் பக்கம் மூன்று எண்களையும் வரிசையாக நினைவகத்தில் வைத்து முகவரியை மட்டும் நீட்டினாள்.

திரையில் பத்து, இருபது, மூன்று.

மணி நாலரை. நாத்தனார் பெரிய கண்ணாடி ஒன்றை ஏற்றினாள். சக்கரம் கீச்சென்று ஒரு வட்டம் போட்டது. விளிம்பைத் தட்டி, வட்டத்தைத் தனியே எடுத்து, அதன் வழியாக மேலாளரைப் பார்த்தாள். “சார், இந்தப் பக்கமிருந்து பார்த்தா நல்லவராத்தான் தெரியறீங்க.”

மேலாளர் விளிம்பைத் தடவிப் பார்த்தார். ஒரு பிசிறு இல்லை. “என்னம்மா தப்பு? லைப்ரரியா?”

ஆமாம் என்றால் போதும், யாருக்கும் தெரியப் போவதில்லை.

“என் தப்பு சார். நாலு வருஷமா இருந்திருக்கு.”

“நாலு வருஷமா ஒழுங்காத்தானே ஓடுச்சு?”

“ஓடுச்சு. அதான் தெரியலை. பழைய மெஷினுக்கும் இப்பவே மாத்திடறேன்.”

“அது ஓடுதே, எதுக்கும்மா?”

“கம்ப்யூட்டர் மாத்தினா காலை வாரிடும் சார். அதை நிறுத்துங்க.”

பட்டறையே திரும்பிப் பார்த்தது. “சாவி கிடைச்சிருச்சு” என்றாள் நாத்தனார்.

மேலாளர் கண்ணாடி வட்டத்தைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு, தானே போய்ப் பழைய இயந்திரத்தை நிறுத்தினார்.