வெங்காயக் காட்டில் பெற்றோர் கூட்டம்

இன்றைய பெற்றோர் கூட்டத்துக்கு மீனாவின் அம்மா வந்திருந்தார், கார்த்தியின் அப்பா வந்திருந்தார். வகுப்பில் மற்ற வீடுகளிலிருந்து ஒருவரும் வரவில்லை. அரியலூரில் நான் பாடம் நடத்தும் தனியார் பள்ளியில் இது புதிதல்ல. மீனாவின் அம்மா கையெழுத்திட்டுத் தந்த ரேங்க் கார்டில் சின்ன வெங்காய வாசம் அடித்தது.

வேப்பந்தட்டைப் பக்கம் நான் ஐந்தாவது படித்தபோது, எங்கள் வீட்டிலிருந்தும் யாரும் கூட்டத்துக்குப் போனதில்லை. போனால் ஒருநாள் கூலி போய்விடும். பெற்றோர் கையெழுத்து இல்லையென்றால் ஆறாவதில் இடமில்லை என்று அந்த வருஷம் தாளாளர் சொல்லிவிட்டார். நான் அழுதுகொண்டே இருந்தேன்.

மறுநாள் பள்ளி முதல்வர், கார்டுக் கட்டும் மைப்பெட்டியுமாக, அம்மாவும் மற்ற பெண்களும் கூலிக்கு வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்த காட்டுக்கே வந்துவிட்டார்.

“கூட்டத்த இங்கயே வச்சுக்கலாம்.”

“அய்யோ டீச்சர், வெறும் மண்ணுல உக்காராதீங்க!” அம்மா சாக்கை விரித்தார்.

காட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. “பேசிக்கிட்டிருந்தா தாள யாருங்க அறுக்கறது?”

“நான் அறுக்கறேன். கத்தி குடுங்க.”

அறுத்துக்கொண்டே ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் பேசினார். என்னைக் காட்டி, “இவன் கணக்குல சுமார்தான். ஆனா நிறுத்திடாதீங்க, நல்லா வருவான்.” அம்மா கட்டைவிரலை மையில் அழுத்தி வைத்தார். எனக்கு ஆறாவது உறுதியாயிற்று.

காட்டுக்காரர் முதல்வர் அறுத்த குவியலைக் கிளறினார். “டீச்சர், தாளோட பாதி வெங்காயமும் போச்சே!”

“வுடுங்க, அவங்க வூட்டு சாம்பாருக்கு ஆவும்,” என்றார் அம்மா. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதல்வரும் சிரித்தபடியே வெட்டுப்பட்ட இரண்டு கிலோவையும் விலை கொடுத்து வாங்கிக்கொண்டார். நாற்பது ரூபாய்.